நைனாவின் காலுக்கு அந்த ஜெல் வாங்கலாமா?

"காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன் டாக்டர். எங்கள் நைனாவுக்கு 57 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதம் முன்பு வலது உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலியே இல்லை என்று சொல்லி தினமும் வேலைக்குப் போகிறார். நான்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவிக் கட்டுப் போடுகிறேன். ஆறுவது போலத் தெரியும், நாலு நாளில் பழையபடி ஆகிவிடும். இப்போது ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் ஜெல் என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு டியூப் 3,800 ரூபாய், மாதம் மூன்று வேண்டுமாம். கம்மலை அடகு வைத்தாவது வாங்கலாம் என்று இருக்கிறேன். என் அத்தை, 'மஞ்சள்ல இல்லாததா அதுல இருக்கு?' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

கம்மல் காதிலேயே இருக்கட்டும் அம்மா. ஜெல்லைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. பெராக்சைடு பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். நைனாவை அந்தக் காலை ஊன்றி நிற்க விடாதீர்கள்.

பெராக்சைடில் இருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. புண்ணில் ஊற்றியதும் வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு திருப்தி. அந்த நுரை உண்மையில் ஆக்சிஜன். நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைப்பதால் வருவது. பெராக்சைடு கிருமியைக் கொல்லும், புண்ணின் ஓரத்தில் அப்போதுதான் முளைத்து வருகிற புதுச் செல்களையும் சேர்த்துக் கொல்லும். 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற பெயரில் 'ஆன்டி' எதை எதிர்க்கிறது என்றால், இதே வகைப் பொருட்களைத்தான். காலையில் பெராக்சைடு ஊற்றிவிட்டுச் சாயங்காலம் 3,800 ரூபாய் ஜெல்லைத் தடவினால், ஒரு கையால் வைத்ததை இன்னொரு கையால் பிடுங்குவது போலத்தான். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். சில இடங்களில் கட்டுப் போடுகிறவர்களே இன்னும் ஊற்றுகிறார்கள்.

சரி, காயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முள் குத்தினாலும் வெட்டுப்பட்டாலும் வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. வந்து சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கடுமையான ஆக்சிஜன் பொருட்களை அவையே தயாரித்துக் கிருமிகளை எரிக்கின்றன. இது தேவையான நெருப்பு. பிறவியிலேயே இந்த நெருப்பை மூட்ட முடியாத வெள்ளை அணுக்களோடு சில குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஆக்சிஜன் பொருள் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சமாக இருந்தால், 'புது ரத்தக் குழாய் வளரட்டும், தோல் நகர்ந்து வந்து மூடட்டும்' என்று செல்களுக்குச் சேதி சொல்வதும் அதுதான்.

சாதாரணமாகச் சில நாளில் இந்த நெருப்பு தணிந்துவிடும், அதற்குப் பிறகு கட்டுமான வேலை நடக்கும். பல வருஷம் சர்க்கரை இருந்த காலில் அது தணிவதில்லை. ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அழற்சியைக் கிளறிக்கொண்டே இருக்கும். கொலாஜனை வெட்டும் நொதிகள் அளவுக்கு மேல் சுரக்கும். பகலில் பின்னிய வலையை ராத்திரியில் யாரோ அறுத்துவிட்டுப் போவது போல, உடம்பு கட்டுகிற திசுவை உடம்பே கரைத்துவிடுகிறது. ஆறுவது போலத் தெரிந்து திரும்பவும் பழையபடி ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணம். ஒன்றுதான், ஒரே காரணம் இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட் வேலை செய்யும் விதம் உங்கள் நைனாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள் இல்லையா? உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்பதற்குப் பதில் அந்தக் கட்டியைத் தின்னும். கட்டி கரையக் கரைய மாற்ற வேண்டும், படகு பிழைக்கும். ஆன்டிஆக்சிடன்ட் பொருளும் அப்படித்தான், திசுவுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துவிடும். அதை ஜெல்லிலோ மெல்லிய ஏட்டிலோ கலந்து புண்ணின் மேல் வைத்தால், மிஞ்சிப்போன நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கும் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் அடிப்படை.

இது நல்ல ஆராய்ச்சி, எனக்கு இதில் உண்மையான ஆர்வம் உண்டு. இதற்கான பொருட்கள் சில உங்கள் தெருவிலேயே கிடக்கின்றன. இறால் உரித்துவிட்டுக் கொட்டுகிறோமே, அந்த ஓட்டில் இருந்து கைட்டோசான் எடுக்கிறார்கள். ரத்தக் கசிவை நிறுத்தும் கட்டுகளில் அது ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் மருந்தைச் சுமக்கும் ஜெல்லாகவும் அதை ஆராய்கிறார்கள். தூண்டில் வளைவுக் கற்களில் அலை அடிக்க அடிக்க விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கருஞ்சிப்பியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பசையில் உள்ள ரசாயன அமைப்பைப் பின்பற்றி, ஈரத்திலும் ஒட்டக்கூடிய பாலிடோபமைன் என்ற பூச்சை 2007இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஒட்டுவதற்கு உதவுகிற அதே அமைப்பு ஆன்டிஆக்சிடன்டாகவும் வேலை செய்யும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிலெர்மோ அமீரின் குழு, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை அடிப்படையாக வைத்து ஒரு ஜெல் செய்திருக்கிறது. குளிர்ச்சியில் திரவமாக இருக்கும், உடம்புச் சூட்டில் கெட்டியாகிப் புண்ணின் பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக்கினால், நம் உடம்பின் காப்பு நொதிகளைப் போலவே அது வேலை செய்கிறது. தன்னைக் கொடுத்துத் தீர்ந்து போகாமல் திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கு வருவது அதன் சிறப்பு.

ஆனால் இந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றைக் கடைசி வரை படித்தால் ஒரு எலி வரும். சர்க்கரை நோய் வரவைத்த எலி. அதன் முதுகில் வட்டமாக ஒரு காயம் செய்து, ஜெல் வைத்து, எத்தனை நாளில் மூடுகிறது என்று பார்ப்பார்கள். எலியின் தோல் தளர்வானது, காயத்தின் ஓரங்கள் சுருங்கி இழுத்தே பெரும்பகுதி மூடிவிடும். மனிதத் தோல் அப்படி இல்லை. அதைவிட முக்கியம், எலிக்குப் புண் முதுகில். உங்கள் நைனாவுக்கு உள்ளங்காலில். அவருடைய உடம்பு எடையும் தூக்குகிற ஐஸ் பெட்டியின் எடையும் சேர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு ரூபாய் அகல இடத்தில்தான் இறங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடப்பார்! தினமும் கல்லில் மோதுகிற படகுக்குத் துத்தநாகக் கட்டி மாட்டி என்ன பயன்?

அதனால்தான் காலை ஊன்றக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன். இந்தப் பாடம் நம் ஊரில் இருந்தே உலகத்துக்குப் போனது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்று பார்த்தவர், அவர்களின் சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள் என்று கண்டார். பாதத்தையும் காலையும் அணைத்தாற்போல மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பியதும், பல காலம் ஆறாத புண்கள் ஆறத் தொடங்கின. பின்னால் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது அந்த அனுபவமும் கூடவே போனது. சர்க்கரைப் புண்ணுக்கும் அதே முறை இன்று உலகம் முழுக்க முதல் வரிசைச் சிகிச்சை.

நைனா 'வலியே இல்லை' என்று சொல்வதை நீங்கள் நிம்மதியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். உள்ளங்காலில் மூன்று மாதப் புண்ணோடு ஒருவர் வலியில்லாமல் நடக்கிறார் என்றால், காலின் நரம்பு சேதி சொல்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். என்னிடம் வந்த ஒருவரின் ஷூவுக்குள் ஒரு பாட்டில் மூடி மூன்று நாள் கிடந்திருக்கிறது. கழற்றியபோதுதான் அவருக்கே தெரிந்தது. நாற்பது வயதுகூட இல்லை. அவருடைய முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இப்போது அத்தைக்குப் பதில். மஞ்சள் விஷயத்தில் அவரைத் தள்ளிவிட முடியாது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேரில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம் என்று நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை எடுத்துக்காட்டி வாதாடியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மஞ்சளில் உள்ள குர்குமின் உண்மையான ஆன்டிஆக்சிடன்ட், ஆராய்ச்சிக்கூட ஜெல்கள் பலவற்றில் அதைத்தான் வைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் குர்குமின் தண்ணீரில் கரையாது. ஈரமான புண்ணில் தூளை அப்பினால் மேலே காரையாகப் படியுமே தவிர உள்ளே போவது சொற்பம். கடைத் தூளில் கிருமியும் இருக்கலாம், கலப்படமும் இருக்கலாம். போதாததற்குப் புண்ணின் நிறத்தையே மஞ்சள் மறைத்துவிடும். சிவக்கிறதா, கறுக்கிறதா, சீழ் பிடிக்கிறதா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விரல் நுனியில் சின்னக் கீறல் என்றால் அத்தை தடவட்டும். இந்தக் காலுக்கு வேண்டாம். தேனுக்கும் இதே பதில்தான்: சர்க்கரைக் கால் புண்ணுக்குத் தேன் வைக்க வேண்டாம் என்றே 2023இல் வந்த சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் சொல்கிறது.

மனிதர்களிடம் சோதித்த சிறப்புக் கட்டு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்ற பொருள் சேர்த்த ஒரு கட்டு. அது நான் முன்னே சொன்ன, வலையை அறுக்கிற நொதிகளை அடக்குகிறது. ஐரோப்பாவில் 240 பேரிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 20 வாரத்தில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கும், சாதாரணக் கட்டுப் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும் புண் மூடியது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் பாருங்கள், அந்த நல்ல கட்டுப் போட்டும் பாதிப் பேருக்கு மேல் 20 வாரத்தில் மூடவில்லை. அந்த வழிகாட்டுதலும் இந்தக் கட்டை எல்லோருக்கும் சொல்லவில்லை. தொற்று இல்லாத, ரத்த ஓட்டமும் நரம்பு உணர்ச்சியும் குறைந்த காலில் உள்ள புண்ணுக்கு, அழுத்தம் குறைப்பது உட்பட மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் போதவில்லை என்றால் யோசிக்கலாம் என்கிறது. பெயரில் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று இருப்பதால் மட்டும் ஒரு ஜெல் இந்த வரிசையைத் தாண்டி முன்னால் வந்துவிட முடியாது.

அப்படியானால் நைனாவுக்கு முதலில் என்ன நடக்க வேண்டும்?

ரத்த ஓட்டம் தெரிய வேண்டும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவார்கள், வலிக்காத சோதனை. கணுக்கால் அளவு கையின் அளவில் 0.9 பங்குக்குக் கீழே போனால் குழாயில் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். நீண்ட காலச் சர்க்கரையில் ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போவதால் அளவு பொய்யாக அதிகமாகவும் காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள், அல்லது ஸ்கேன் எடுப்பார்கள். அடைப்பு இருக்கிற காலில் உலகத்தின் எந்த ஜெல்லைத் தடவினாலும் ஆறாது, குழாயைத் திறக்க வேண்டும். அவர் பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பார் என்றால், அந்தக் குழாய்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அடுத்தது எலும்பு. மூன்று மாதம் ஆறாத புண் என்றால் அடியில் எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா என்று மருத்துவர் மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். ஓரத்தில் காய்த்துத் தடித்திருக்கும் தோலையும் செத்த சதையையும் சீவி எடுப்பார். பார்க்க பயமாக இருக்கும், புண் பெரிதாகிவிட்டது போலவும் தெரியும். நடுவில் நிறுத்திவிட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். அந்தத் தடித்த தோலே உள்ளே கல் போல அழுத்திக்கொண்டிருக்கும்.

இவை முடிந்த பிறகுதான் மாவுக்கட்டா, கழற்ற முடியாத பூட்ஸா, அல்லது புண் இருக்கும் இடத்தில் பள்ளம் வெட்டிய எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பா என்று முடிவு செய்வார்கள். ரத்த ஓட்டம் மோசம், அல்லது சீழ் இருக்கிறது என்றால் மூடிய கட்டுப் போட மாட்டார்கள். ஆகவே தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று எங்கேயாவது போய் மாவுக்கட்டுப் போட்டுவிடவும் கூடாது.

வேலைக்குப் போகாவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. துறைமுகத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை, கணக்கு எழுதுவதோ வலை பழுது பார்ப்பதோ, சில மாதத்துக்குக் கிடைக்குமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். சங்கத்திலும் கேளுங்கள். மூன்று டியூப் ஜெல்லுக்கு மாதம் 11,400 ரூபாய் ஆகும் இல்லையா, அந்தப் பணத்தைப் புரட்ட உங்களால் முடியும் என்றால், அது அவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு வீட்டுச் செலவாகப் போகட்டும். அந்தக் காலுக்கு அதைவிட நல்ல மருந்து அந்தப் பணத்தில் கிடைக்காது.

துறைமுகத் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி இருக்கும். திறந்த புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே வேகமாகப் பரவக்கூடும். புண் ஆறும் வரை கடல் தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் அந்தக் காலில் படவே கூடாது. திடீரென்று சிவப்பு ஏறுவது, நீல நிறக் கொப்புளம், கெட்ட நாற்றம், குளிர் காய்ச்சல், விரல் கறுப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி 2 மணி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் கட்டுப் போடும்போது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். அது இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். புண் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும் என்று காற்றில் திறந்து வைக்காதீர்கள், லேசான ஈரத்தில்தான் புதுத் தோல் நகர்ந்து வரும். கட்டின் மேல்பக்கம் கசிந்து நனைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். இன்னொரு காலையும் தினமும் திருப்பிப் பாருங்கள், தன் உள்ளங்காலை நைனாவே பார்ப்பது கஷ்டம். சாப்பாட்டில் மீனும் முட்டையும் குறையாமல் இருக்கட்டும், சிறுநீரகத்துக்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர. நெல்லிக்காய் சாப்பிடட்டும், நல்லதுதான். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை என்று டப்பா டப்பாவாக வாங்க வேண்டியதில்லை.

சர்க்கரை மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்று நாள் தவறுகிறது என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனையும் ராயபுரத்தில்தான் இருக்கிறது. இந்தக் காலைக் காட்ட ஊர் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஒரு சின்ன வேலை உங்களுக்கு. சுத்தமான கண்ணாடிக் காகிதக் கவர் ஒன்றைச் சலைனில் துடைத்துப் புண்ணின் மேல் லேசாக வைத்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தை வரையுங்கள், தேதி போடுங்கள். வாரம் ஒரு தடவை, புதுக் கவரில். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குறித்து வையுங்கள். இன்றைக்கு 3 சென்டிமீட்டருக்கு 2, அதாவது 6 என்றால், நல்ல சிகிச்சை தொடங்கி 4 வாரத்தில் அது 3-க்கு வந்திருக்க வேண்டும். வந்தால் வழி சரி, புண் மூட வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வராவிட்டால், அப்போது சிறப்புக் கட்டு, ஜெல் பற்றிய பேச்சை எடுக்கலாம். அன்றைக்கும் விற்கிறவரிடம், இது மனிதர்களின் சர்க்கரைக் கால் புண்ணில் சோதித்ததா, எத்தனை பேரிடம், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு, தாளை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். எலிப் படம் போட்ட தாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டு, சர்க்கரை ரிப்போர்ட், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வேலைக்குப் போட்டுப் போகிற செருப்போ பூட்ஸோ, அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்து, "இதைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நாலு வாரம் கழித்து அந்தக் கவர்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் அம்மா.